தேய்க்காதீர்கள், எடை போடுங்கள்!



என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. நீள்வட்ட வடிவம், உள்ளங்கையில் அடங்கும் அளவு. முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. அந்த மினுக்கைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்களில் சிலர் தபால்தலை சேர்ப்பீர்கள். சிலர் நாணயம் சேர்ப்பீர்கள். தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களும் உண்டு. பெல்ட் பக்கிள் சேர்ப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. லயன் காமிக்ஸில் வரும் டெக்ஸ் வில்லரையோ, 1972இல் வெளிவந்த "கங்கா" படத்தின் ஜெய்சங்கரையோ நினைத்துக்கொள்ளுங்கள். குதிரை, தொப்பி, துப்பாக்கி, இடுப்பில் அகன்ற வார். அந்த வாரின் நடுவில் மின்னும் தகட்டைத்தான் அங்கே தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

"சார், அது அமெரிக்கா. புதுக்கோட்டையில் ஏது கௌபாய்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கௌபாய் இல்லை. ஆனால் பக்கிள் உண்டு. அதைச் சேர்ப்பதற்குப் பணத்தைவிடப் பௌதிகம்தான் அதிகம் வேண்டும். எப்படி என்று பார்ப்போமா?

முள், உருளை, கொக்கி

பக்கிளின் வேலை ஒன்றுதான்: வார் அவிழாமல் பிடித்துக்கொள்வது. அதைச் செய்யும் வழிகள் பல. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, நீங்கள் தினமும் அணிவது. ஒரு சட்டம், அதில் ஒரு முள். முள் வாரின் துளைக்குள் நுழைந்து சட்டத்தின் மேல் படுத்துக்கொள்கிறது. ரோமானியர் காலத்திலேயே இது புழக்கத்தில் இருந்தது. அதன்பின் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாவது, கான்வாஸ் வாரில் வருவது. இதில் முள்ளும் இல்லை, துளையும் இல்லை. பிறகு எப்படிப் பிடிக்கிறது? பெட்டி போன்ற பக்கிளுக்குள் ஒரு சிறிய உருளை இருக்கிறது. பெட்டியின் உட்புறம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். வார் தளரப் பார்க்கும்போது, உராய்வின் காரணமாக உருளையையும் குறுகலான பக்கம் இழுத்துச் செல்கிறது. அங்கே இடம் போதாததால் உருளை வாரை நெருக்கிப் பிடிக்கிறது. எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ, அவ்வளவு பலமாக இறுகும். கதவின் அடியில் செருகிய ஆப்பும் இப்படித்தான் வேலை செய்கிறது.

மூன்றாவதுதான் கௌபாய் பக்கிள். முன்னால் ஒரு தகடு. அதன் பின்புறம் ஒரு ஓரத்தில் வாரின் ஒரு முனையைக் கோத்துக்கொள்ள ஒரு வளையம்; மறு ஓரத்தில் வாரின் துளையில் மாட்டிக்கொள்ள ஒரு குட்டையான கொக்கி. பிடிக்கும் வேலை முழுவதும் பின்னால் நடக்கிறது. எனவே முன்பக்கம் வெறும் பலகை போலக் காலியாக இருக்கிறது. காலிப் பலகையைக் கண்டால் மனிதன் சும்மா இருப்பானா? பெயர், சின்னம், குதிரை, கழுகு என்று எதையாவது பொறித்துவிடுகிறான். சேகரிப்பவர்களுக்கு இந்த வகையின் மேல் ஆசை அதிகம் என்பதில் வியப்பில்லை.

இன்னொரு செய்தி. 19ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே மாடு மேய்த்த கௌபாய்களில் பெரும்பாலோர் இப்படிப் பெரிய பக்கிள் அணியவில்லை. கால்சட்டையைத் தோளில் மாட்டும் பட்டைகள் தாங்கின. பெரிய பக்கிளைப் பிரபலமாக்கியவை பிற்காலத்துச் சினிமாப் படங்களும், குதிரையடக்கும் போட்டிகளில் வென்றவர்களுக்குக் கோப்பைக்குப் பதிலாகப் பக்கிள் பரிசளிக்கும் வழக்கமும்தான்.

நம் ஊர் வில்லை

இனி நம் ஊருக்கு வருவோம். வட இந்தியாவில் அலுவலகச் சேவகரைச் "சப்ராசி" என்பார்கள். "சப்ராஸ்" என்பது அவர் அணியும் உலோக வில்லை. வில்லையை அணிந்தவர் சப்ராசி. தமிழிலும் இதே வழியில் பிறந்த சொல் ஒன்று உண்டு: வில்லைச் சேவகன். இன்றும் மாவட்ட ஆட்சியரின் டபேதாரையும், நீதிமன்ற டவாலியையும் பாருங்கள். வெள்ளை உடை, குறுக்கே பட்டை, அதில் மின்னும் பித்தளை. ஒரு மனிதர் எந்த அலுவலகத்தின் கட்டளையைக் கொண்டு வருகிறார் என்பதை எழுத்தறியாதவருக்கும் தொலைவிலிருந்தே அறிவித்த அடையாளம் அது.

புதுக்கோட்டை 1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது. அன்று இந்திய யூனியனுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. தனி மாவட்டமானது 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி. ஒரு சமஸ்தானம் முடிவுக்கு வந்தால் அதன் கோப்புகள் ஆவணக் காப்பகத்துக்குப் போகும். நாணயங்கள் அருங்காட்சியகத்துக்குப் போகும். ஒரு பக்கம் அம்மன் உருவமும் மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் "விஜய" என்ற சொல்லும் கொண்ட அம்மன் காசை நீங்கள் பார்த்திருக்கலாம். இல்லையென்றால் 1910இல் தொடங்கப்பட்ட திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். நாணயத்தைப் பாதுகாக்க ஆள் இருக்கிறது. ஆனால் ஒரு சேவகரின் இடுப்பு வில்லை எங்கே போகும்? பெரும்பாலும் வீட்டுப் பரணுக்கு, அங்கிருந்து பழைய பாத்திரக் கடைக்கு, அங்கிருந்து உலைக்கு. உலைக்குப் போன பித்தளை குத்துவிளக்காகத் திரும்பி வரலாம். வில்லையாகத் திரும்பி வராது.

எங்கள் தாத்தா சமஸ்தான காலத்தில் ஓர் அலுவலகத்தில் சேவகராக இருந்தவர். என் இழுப்பறையில் இருப்பது அவருடைய வில்லை. முன்னால் தகடு, பின்னால் வளையமும் கொக்கியும். கௌபாய் பக்கிளின் அமைப்பேதான்!

இது என்ன உலோகம்?

சேகரிப்பவர் முன் எழும் முதல் கேள்வி இதுதான். மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை அல்ல. வெள்ளையாக இருப்பதெல்லாம் வெள்ளி அல்ல.

முதலில் ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே மஞ்சள் பூச்சு. ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை என்பது மட்டுமே தெரியும். பித்தளை, செம்பு, துத்தநாகம், வெள்ளி, அலுமினியம் ஆகிய எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. பக்கிள் பித்தளையாக இருந்து முள் மட்டும் இரும்பாக இருப்பதும் உண்டு. ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

அடுத்தது அடர்த்தி. இங்கேதான் ஆர்க்கிமிடீஸ் கைகொடுக்கிறார். பள்ளி ஆய்வகத்தில் 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இருந்தால் ஆசிரியரின் அனுமதியோடு இதைச் செய்யலாம்.

1. தோல் வாரைக் கழற்றிவிட்டுப் பக்கிளை மட்டும் எடை போடுங்கள்.

2. ஒரு டம்ளரில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

3. பக்கிளை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் மெல்ல அசைத்து நீக்குங்கள்.

4. இப்போது தராசு ஓர் அளவைக் காட்டும். அது எத்தனை கிராமோ, பக்கிளின் கன அளவு அத்தனை கன சென்டிமீட்டர்!

பக்கிளின் எடையை உங்கள் கை தாங்குகிறது. பிறகு தராசில் ஏன் அளவு ஏறுகிறது? தண்ணீர் பக்கிளை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பக்கிளும் தண்ணீரை அதே விசையுடன் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை, விலக்கப்பட்ட தண்ணீரின் எடைக்குச் சமம். 1 கன செ.மீ. தண்ணீரின் எடை 1 கிராம். எனவே தராசு காட்டுவது கன அளவையே.

ஒரு பக்கிளின் எடை 84 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 10 கிராம் என்றால் அடர்த்தி 8.4. அதே அச்சில் வார்த்தது போன்ற இன்னொன்றின் எடை 66 கிராம்தான். தண்ணீரில் அதுவும் 10 கிராமே காட்டுகிறது. அடர்த்தி 6.6. இப்போது இந்தப் பட்டியலைப் பாருங்கள். எல்லாம் ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்ற கணக்கு.

அலுமினியம் – 2.7
துத்தநாக வார்ப்புக் கலவை – சுமார் 6.6
இரும்பு – 7.9
பித்தளை – 8.4 முதல் 8.7 வரை
ஜெர்மன் சில்வர் – சுமார் 8.7
செம்பு – 9.0
வெள்ளி – 10.5
காரீயம் – 11.3

முதல் பக்கிள் பித்தளை. இரண்டாவது துத்தநாகக் கலவையில் வார்த்து மஞ்சள் பூச்சுக் கொடுத்தது. இன்று கடைகளில் விற்கும் அலங்காரப் பக்கிள்களில் பல இந்த வகைதான். காரணம் எளிது. பித்தளை உருக 900 டிகிரி செல்ஷியசுக்கு மேல் வேண்டும். இந்தக் கலவைக்கு 400 டிகிரிகூட வேண்டாம். குறைந்த சூட்டில் எஃகு அச்சு நெடுநாள் உழைக்கும். ஒரே அச்சில் ஏராளமாக வார்க்கலாம், விலையும் குறையும்.

ஜெர்மன் சில்வர் என்ற பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். அதில் வெள்ளி கடுகளவும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை அது. அடர்த்தியை மட்டும் வைத்து அதைப் பித்தளையிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆனால் கண் சொல்லிவிடும்: ஒன்று வெள்ளை, மற்றது மஞ்சள். ஒரு சோதனை விட்ட இடத்தை இன்னொன்று நிரப்ப வேண்டும். விஞ்ஞானத்தில் எல்லாச் சோதனைகளுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு எச்சரிக்கை. தராசு காட்டுவது சராசரி அடர்த்தி. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் அணிந்த பக்கிள்கள் சில, மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் அழுத்தி, பின்புறக் குழிவில் ஈயத்தை ஊற்றிச் செய்தவை. கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு பித்தளை, மீதி காரீயம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சராசரி 10.7 வரும். பட்டியலைப் பார்த்தால் வெள்ளிக்கு அருகில் நிற்கிறது! எண்ணை மட்டும் நம்பியவர் ஏமாறுவார். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தவர் தப்புவார்.

புத்தகமும் போலி!

ஏமாற்று என்றதும் ஒரு சுவையான வரலாறு நினைவுக்கு வருகிறது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் சில அபூர்வப் பக்கிள்கள் சந்தைக்கு வந்தன. வெல்ஸ் ஃபார்கோ போன்ற பழைய அமெரிக்க நிறுவனங்களின் பெயர்கள் முன்னால். நியூயார்க்கின் புகழ்பெற்ற டிஃபனி நகைக் கடையின் முத்திரை பின்னால். நூறாண்டுப் பழமை என்று சொல்லி விற்றார்கள். சந்தேகப்பட்டவர்களுக்குக் காட்ட ஒரு புத்தகமும் இருந்தது. அதில் அந்தப் பக்கிள்களின் படம், விவரம் எல்லாம் இருந்தன. அச்சிட்ட ஆண்டு 1950 என்று போட்டிருந்தது. பிறகுதான் உண்மை வெளிவந்தது. பக்கிள்கள் புதியவை, அந்த நிறுவனங்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அதைவிட வேடிக்கை, அந்தப் புத்தகமும் பக்கிள்களை விற்பதற்காகவே பின்தேதியிட்டு அச்சிட்டது! ஜே. டங்கன் கேம்பெல் என்பவர் இந்தப் பக்கிள்களை அம்பலப்படுத்தித் தனி நூலே எழுதினார்.

"புத்தகத்தில் இருக்கிறது" என்பது மட்டும் சான்றாகாது. பொருளையே கேட்க வேண்டும். கேட்பதற்கு உங்கள் ஆய்வகத்து வெர்னியர் அளவி போதும். பழைய பக்கிள் ஒன்றை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் புதுப் பித்தளையை ஊற்றி நகல் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உருகிய பித்தளை இறுகிக் குளிரும்போது சுமார் 1.5 சதவீதம் சுருங்கும். அசல் 80 மி.மீ. அகலம் என்றால் நகல் 78.8 மி.மீ. மட்டுமே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த 1.2 மி.மீ. வெர்னியருக்குத் தெரியும். நகலின் எழுத்தோரங்களும் சற்று மழுங்கி, மணல் பட்ட சிறு பொத்தல்களோடு இருக்கும். ஒரு பூதக் கண்ணாடி அதைக் காட்டிவிடும்.

தேய்த்தால் என்ன குறையும்?

இப்போது என் வெட்கத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குத் தாத்தாவின் வில்லையும் பூஜையில் வைக்கப்படும். விளக்குத் தேய்க்கும் நாளெல்லாம் அப்பத்தா அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிடுவார். வில்லையின் நடுவில் இரண்டு வரி எழுத்தும், கீழே ஓர் எண்ணும் வெட்டியிருந்தன. நான் ஒன்பதாம் வகுப்பில் என்.சி.சி.யில் சேர்ந்தேன். பக்கிள் கண்ணாடி போல மின்ன வேண்டும் என்று அணிவகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். என் பக்கிள் மின்னியது. அதே உற்சாகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் வில்லையை எடுத்துச் செங்கல் தூளால் தேய்த்து, உலோக பாலிஷ் போட்டு, துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டை விரலால் வில்லையின் நடுவைத் தடவிப் பார்த்தார். "நம்பரு எங்கடா போச்சு, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

எண் எங்கே போயிற்று? துணியில் ஒட்டிய கறுப்பு அழுக்கில் போயிற்று!

பித்தளையைத் தேய்த்தால் துணி கறுக்கும் அல்லவா? அதை அழுக்கு என்று நினைக்கிறோம். அதில் ஒரு பகுதி உலோகமே. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் மேற்பரப்பு ஆக்ஸைடைக் கரைக்கிறது. ஆக்ஸைடாக மாறியிருப்பதும் ஒரு காலத்தில் பித்தளையாக இருந்ததுதான். செங்கல் தூளோ உலோகத்தையே சுரண்டுகிறது. புதிதாக வெளிப்பட்ட பரப்பு மறுபடி ஆக்ஸைடாகிறது, மறுபடி தேய்க்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். எழுத்தின் ஆழம் 0.2 மி.மீ., அதாவது 200 மைக்ரான். ஒரு முறை தேய்த்தால் 1 மைக்ரான் போகிறது என்று கொள்வோம். வாரம் ஒரு முறை தேய்த்தால் ஆண்டுக்கு 52 மைக்ரான். நான்கு ஆண்டு முடியுமுன் எழுத்து மறைந்துவிடும். ஒரு முறைக்குப் பத்தில் ஒரு பங்கு மைக்ரான்தான் போகிறது என்றாலும் நாற்பது ஆண்டில் அதே முடிவு. அப்பத்தாவின் புளி மெதுவாகச் செய்துவந்த வேலையை என் செங்கல் தூள் ஒரே நாளில் முடித்துவைத்தது.

பழைய பித்தளையின் மேல் படிந்த பழுப்பு நிறப் படலம் அழுக்கு அல்ல. அது ஒரு காப்பு. தன் அடியில் உள்ள உலோகத்துக்குக் காற்றும் ஈரமும் எளிதில் எட்டாமல் அது தடுக்கிறது. அதனால்தான் சேகரிப்பவர்கள் பழுப்பேறிய பக்கிளையே விரும்புகிறார்கள். அதன் நிறமும் வயதுக்கு ஒரு சான்று. தூசி இருந்தால் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பச்சை நிறம் கண்டால்?

எல்லாப் படலமும் நல்லதல்ல. பக்கிளும் தோலும் சேரும் இடத்தில் மெழுகு போன்ற பச்சைப் பிசின் ஊறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோலில் உள்ள கொழுப்பு அமிலங்கள் செம்புடன் வினைபுரிந்து உண்டான பொருள் அது. ஒரு மூங்கில் குச்சியால் மெல்ல நீக்கிவிடலாம். பக்கிளைத் தோலில் மாட்டியபடியே ஆண்டுக் கணக்கில் வைக்காதீர்கள்.

இளம்பச்சை நிறத்தில் மாவு போலப் பொரிந்து வந்தால் அது வேறு நோய். வியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பின் குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்கிறது. வினையின் முடிவில் குளோரைடு மீண்டும் விடுபட்டு அடுத்த பகுதியைத் தாக்குகிறது. எனவே இது தானே நிற்காது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து மாணவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பக்கிளை மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பிறகு அருங்காட்சியகத்தில் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பக்கிள்களைக் கட்டி வைக்க ரப்பர் பாண்டு உதவாது. அதில் உள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். துவைத்து உலர்த்திய பருத்தித் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி வைத்தால் போதும்.

தழும்பும் சான்றே

1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்க நாணயங்கள்! அவற்றில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அந்த நாணயங்களில் பெரும்பாலானவற்றில் ரோமச் சக்கரவர்த்தியின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய காயம் இருக்கிறது. இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் தங்கம்தான் என்று காட்டுவதற்கா? உள்ளேயும் தங்கம்தானா என்று பார்ப்பதற்கா? அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். யாராவது ஒரு பொற்கொல்லர் நல்லெண்ணத்தோடு அந்த வெட்டுகளை அடைத்து மெருகு போட்டிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது!

பக்கிளுக்கும் இதே விதிதான். தேய்ந்த கொக்கி, அது எத்தனை காலம் உழைத்தது என்று சொல்லும். பின்புறம் ஆணியால் கீறிய இரண்டு எழுத்து, அணிந்தவரின் பெயராக இருக்கலாம். வளைந்த ஓரம், அவர் சுமந்த சுமையின் அடையாளமாக இருக்கலாம். எதையும் திருத்தாதீர்கள்.

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மண்ணைத் தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் மறைக்கக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுக்குக் குறையாத பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. காவல்துறை, ராணுவ பக்கிள்களைச் சேர்த்து வைப்பது வேறு. அணிந்துகொண்டு ஊர் சுற்றுவது வேறு. பின்னது வேண்டாம்.

தாத்தாவின் எண்

தேய்ந்துபோன எண்ணை மீட்க முடியுமா? சில சமயம் முடியும். திருட்டு வண்டியின் சேசிஸ் எண்ணை அரத்தால் ராவி அழித்துவிடுவார்கள். தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தில் தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால் எண் மங்கலாகத் திரும்பவும் தெரியும். மாயம் எதுவும் இல்லை. அச்சு கொண்டு ஓங்கி அடித்த எண்ணுக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்கியிருக்கும். நசுங்கிய பகுதியை அமிலம் வேறு வேகத்தில் அரிக்கும். எனவே எழுத்து அழிந்தாலும் அதன் அழுத்தம் கீழே மிஞ்சியிருக்கும். ஆனால் தாத்தாவின் எண் அச்சால் அடித்தது அல்ல, உளியால் செதுக்கியது. செதுக்கும்போது உலோகம் வெட்டி எடுக்கப்படுகிறது. ஆழத்தில் நசுங்கிய பகுதி அவ்வளவாக இராது. ஆகவே அமில வழி எனக்குப் பயன்படாது. நீங்களும் வீட்டில் அமிலத்தைத் தொடாதீர்கள்.

எனக்கு மிஞ்சியது வெளிச்சம் மட்டும். இருட்டறையில் ஒரு டார்ச்சை வில்லையின் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்தேன். மேலிருந்து விழும் ஒளியில் தெரியாத சிறு பள்ளமும் சாய்வான ஒளியில் நீண்ட நிழல் தரும். மாலை வெயிலில் வரப்பின் நிழல் நீள்வது போல. வில்லையை மெல்லத் திருப்பத் திருப்ப, முதல் வரியில் இரண்டு எழுத்தின் முனைகள் தெரிந்தன. எண்ணின் கடைசி இலக்கத்தின் வால் மட்டும் தெரிந்தது. அது 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். அவ்வளவுதான். தாத்தாவை இனிக் கேட்க முடியாது. உறவினர்களைக் கேட்டேன், யாருக்கும் நினைவில்லை.

அன்று ஒரு நோட்டில் "இது தாத்தாவின் வில்லை; எண் இன்னது; இன்ன ஆண்டு முதல் அணிந்தார்" என்று மூன்று வரி எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பாலிஷ் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்தேன்!

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பக்கிள் இருக்கலாம். தாத்தா பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ கொண்டுவந்ததாக இருக்கலாம், மாமாவின் சாரணர் பக்கிளாக இருக்கலாம், அத்தையின் என்.சி.சி. பக்கிளாகவும் இருக்கலாம். இந்த விடுமுறையில் அதைக் கீழே இறக்குங்கள். எடை, கன அளவு, நீளம், அகலம் எடுங்கள். ஒரு வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் மென்மையாகத் தேய்த்து எழுத்துகளைப் படியெடுங்கள். பிறகு வீட்டில் மூத்தவர் ஒருவர் அருகில் உட்கார்ந்து, யார் அணிந்தது, எங்கே, எப்போது என்று கேட்டு எழுதுங்கள். தராசு நாளைக்கும் இருக்கும், வெர்னியரும் இருக்கும். சொல்பவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தேய்ப்பதற்கு வீட்டில் குத்துவிளக்கு இருக்கிறது. அதைத் தேயுங்கள்!